சன்னத்தைக் கோதுக்குள் எவ்வளவு ஆழத்தில் அமர்த்துவது? அத்தானின் அளவுத்தாளும் எனது சந்தேகங்களும்

வெள்ளவத்தை நுண்ணளவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் அளவுகருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வுகூடம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். றைபிளை நான் கையில் எடுத்தது இரண்டே தடவைகள்தான். இரண்டும் கனடாவில், அக்காவின் கணவரோடு ஒட்டாவாவுக்கு அருகிலுள்ள கொனாட் சுடுதளத்துக்குப் போயிருந்தபோது. அத்தான் ரொறன்ரோவில் வசிக்கிறார். .308 வின்செஸ்டர் றைபிளை இருகாலித் தாங்கியில் நிறுத்தி, படுத்தபடி தூர இலக்கைச் சுடும் எஃப்.ரீ.ஆர் பிரிவில் போட்டியிடுகிறார். தமக்கு வேண்டிய ரவைகளைத் தாமே நிரப்பிக்கொள்கிறார்.

சொற்களில் குழப்பம் வராதிருக்க முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுமையாகத் தயாரான ஒன்றை ரவை என்றும், குழலை விட்டுப் பறக்கும் உலோகத்தை மட்டும் சன்னம் என்றும், பித்தளை உறையைக் கோது என்றும் எழுதுகிறேன். குழலின் உட்புறத்தில் சுழன்று ஓடும் புரிகளின் மேடான பகுதியைப் புரிமேடு என்கிறேன். கோதிலிருந்து புறப்படும் சன்னம் புரிமேட்டைத் தொடுவதற்கு முன் கடக்கும் சிறு இடைவெளியை அத்தானும் அவருடைய நண்பர்களும் ‘ஜம்ப்’ என்கிறார்கள். நான் பாய்ச்சல் என்று எழுதுகிறேன். ஆழத்தையும் பாய்ச்சலையும் குறிக்கும் அளவுகள் எல்லாம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அதாவது நம் கடைசல் பட்டறைகளில் ‘தௌ’ என்று சொல்லும் அளவில் உள்ளன. ஒரு தௌ 0.0254 மில்லிமீற்றர்.

சென்ற ஆண்டு அத்தான் 168 கிறெயின் (சன்னத்தின் எடையைச் சொல்லும் அலகு) மட்ச்கிங் என்ற வகைச் சன்னத்தைப் பயன்படுத்தியபோது ஆழத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இவ்வாண்டு தூரம் கூடிய போட்டிகளுக்காக 185 கிறெயின் வீ.எல்.டி என்ற நீண்ட மூக்குள்ள வகைக்கு மாறியிருக்கிறார். அதைக் கோதுக்குள் எவ்வளவு இறக்குவது என்று கண்டறிய, ஐந்து ஆழங்களில் மும்மூன்று ரவைகளை 100 மீற்றரில் சுட்டு, துளைகளுக்கிடையிலான மிகக்கூடிய தூரத்தை எழுதி எனக்கு அனுப்பினார். 20 தௌ பாய்ச்சலில் 24 மில்லிமீற்றர், 40இல் 14, 60இல் 31, 80இல் 19, 100இல் 22. எனவே 40தான் சரி என்று முடிவெடுத்து, நூறு ரவைகளை அந்த அளவில் நிரப்பிவிட்டார். மறுவாரம் அதே 40 தௌ ரவைகள் 27 மில்லிமீற்றருக்குப் பரவின. மிச்சமிருந்த மூன்று 60 தௌ ரவைகளோ 17 மில்லிமீற்றருக்குள் விழுந்தன. “நீ அளவு படித்தவன், எங்கே பிழை என்று பார்த்துச் சொல்” என்கிறார்.

எனக்கு முதலில் உறுத்தியது அளந்த முறை. அவர் கோதின் அடியிலிருந்து சன்னத்தின் கூர்முனை வரை வேர்ணியரால் அளக்கிறார். வீடியோ அழைப்பில் சன்னத்தின் முனையைக் கமராவுக்கு அருகில் பிடிக்கச் சொன்னேன். கூர்முனை என்று நான் நினைத்திருந்த இடத்தில், சுருக்கிக் கட்டாத பையின் வாயைப் போல ஒழுங்கற்ற சிறு துவாரம் இருந்தது. ஒன்றின் விளிம்பு உயர்ந்தும் இன்னொன்றின் விளிம்பு ஒருபக்கம் சரிந்தும் காணப்பட்டன. அதை ஆதாரமாக வைத்து ஆயிரத்தில் ஒன்றை அளக்க முடியாது என்பது என் தொழிலறிவு. ஆனால் எதை ஆதாரமாக வைப்பது, அளந்த பின் எந்த ஆழத்தை எதைக் கொண்டு தெரிவு செய்வது என்பது எனக்குத் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொட்டாஞ்சேனைக் கடைசலாளர் எழுதியது:

தம்பி, நீங்கள் சந்தேகப்பட்டது சரியான இடம். முனையை விட்டுவிடுங்கள். சன்னத்தின் மூக்கு வளைவு அகன்றுகொண்டே வந்து, புரிமேட்டின் விட்டத்தைச் சந்திக்கும் ஒரு வளையம் உண்டு. குழலுக்குள் முதலில் தொடுவது அந்த வளையம்தான், முனை அல்ல. கோதின் அடியிலிருந்து அந்த வளையம் வரை அளப்பதற்கென்று, துளையிட்ட சிறு உலோகத் துண்டை வேர்ணியரின் தாடையில் பூட்டுவார்கள். அதைக் கொம்பரேற்றர் என்பார்கள். என் மைத்துனர் அவுஸ்திரேலியாவில் இலக்குச் சுடுபவர் என்பதால் அப்படி இரண்டு துண்டுகளை என் கையாலேயே கடைந்து கொடுத்திருக்கிறேன். அதே இருபது ரவைகளை முனையில் அளந்தபோது 13 தௌ வரை ஏறி இறங்கியது. கொம்பரேற்றரால் அளந்தபோது 3 தௌக்குள் நின்றது. அளக்கப்பட்ட ரவைகள் ஒன்றேதான்.

ஆனால் ஒரு விடயத்தை நீங்கள் உடனே புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன். கொம்பரேற்றர் துளையின் விட்டமும் விளிம்பின் சரிவும் துண்டுக்குத் துண்டு சற்று மாறும், அத்தானின் குழலோடு அவை அப்படியே பொருந்துவதுமில்லை. ஆகவே அது தரும் எண் தனி நீளமல்ல, அந்த ஒரு துண்டுக்கும் அந்த ஒரு றைபிளுக்கும் இடையே மட்டும் பொருள்படும் ஒப்பீட்டு எண். இன்னொருவர் தம் ரவையின் எண்ணைச் சொன்னால் அதைப் பிரதி பண்ணக் கூடாது.

அடுத்தது, புரிமேடு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது. அடியில் துளையிட்டுப் புரி வெட்டிய ஒரு மாதிரிக் கோதை நீண்ட கம்பியில் பூட்டி, அதன் கழுத்தில் சன்னம் ஒன்றைத் தளர்வாக வைத்து, வெறுமையான றைபிளின் அறைக்குள், அதாவது ரவை அமரும் இடத்துக்குள், செலுத்துவார்கள். பிறகு நடுவிலுள்ள மெல்லிய கோலால் சன்னத்தைத் தள்ளி, அது புரிமேட்டைத் தொட்டதும் பூட்டி, வெளியே எடுத்து அளப்பார்கள். பிழை எல்லாம் அந்தத் தள்ளும் கையில்தான் இருக்கிறது. சற்று அழுத்தினால் சன்னம் புரிமேட்டுக்குள் ஆப்பு மாதிரி இறங்கி நீளத்தைக் கூட்டிக் காட்டும். ஒரு விரலின் பாரம் போதும். பத்துத் தடவை எடுத்து, முதல் இரண்டை நீக்கிவிட்டு, மீதி ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் விற்கும் மாதிரிக் கோது, அத்தானின் அறையில் சுட்டு விரிந்த கோதைவிடத் தோள்வரை, அதாவது கோதின் உடல் கழுத்தை நோக்கிச் சரியும் இடம்வரை, சில தௌ குட்டையாக இருக்கக்கூடும். அந்த வித்தியாசம் அப்படியே அளவுக்குள் வந்துவிடும். அவருடைய றைபிளிலேயே சுட்ட கோது ஒன்றில் துளையிட்டுப் புரி வெட்டிக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது. புரி 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 36. இது வழக்கமான அளவல்ல, கொழும்பில் அந்தப் புரியை வெட்டும் ரப் கிடைக்காமல் நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

இதற்குப் பயன்படுத்திய சன்னத்தில் ஓர் அடையாளம் கீறி, ஒரு சிறு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே சன்னத்தால் அளந்தால்தான் குழல் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். நம் பட்டறையில் மாஸ்டர் கேஜை வேலைக்கு எடுக்காமல் தனியே வைப்பதில்லையா, அதுபோல.

பம்பலப்பிட்டி மூத்தவர் எழுதியது:

இருபத்திரண்டு ஆண்டுகள் இங்கிலாந்தில் இருந்தேன். அதில் பெரும்பாலான வார இறுதிகளைப் பிஸ்லியில் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பிஸ்லி, 1890 முதல் பிரித்தானிய றைபிள் சுடுபவர்களின் தாயகம். அங்கே என் மேசையில் ரவை நிரப்பியிருக்கிறேன். கொழும்புக்குத் திரும்பிய பின் அதைத் தொட்டதில்லை. இங்கே சுடுகலன்களும் ரவைகளும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்கும், வெடிமருந்து 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்கும் உட்பட்டவை. இந்த உரையாடலை வாசிக்கும் இளைஞர்கள் எவரும் இதை வீட்டில் முயன்று பார்க்கும் விடயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே முதலில் சொல்கிறேன். இனி அத்தானின் கேள்விக்கு வருகிறேன்.

ஆழத்தைத் தெரிவு செய்யும் முன், அந்த ஆழத்துக்கு எல்லைகள் எங்கே என்று தெரிய வேண்டும். .308 வின்செஸ்டருக்கு அமெரிக்க நியமம் வகுத்த அதிகூடிய மொத்த நீளம் 2.810 அங்குலம். அது பெரும்பாலும் மகசீனுக்குள் அடங்குவதற்கும் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொதுவாகப் பொருந்துவதற்கும் வகுத்த எல்லை. ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றிச் சுடும் அத்தானை அது கட்டுப்படுத்தாது. வெளிப்பக்கம் அவரைக் கட்டுப்படுத்துவது கோதின் கழுத்து. சன்னத்தின் விட்டத்தளவு நீளமாவது கழுத்துக்குள் இருக்கட்டும் என்பது பழைய கைவழக்கம், அதற்குக் குறைந்தால் சன்னம் சாய்ந்துகொள்ளும். உட்பக்கம், சன்னத்தின் நேர் உருளைப் பகுதி கழுத்தும் தோளும் சேரும் இடத்தைத் தாண்டிக் கீழே இறங்காமலிருப்பது நல்லது. பலதடவை நிரப்பிய கோதுகளில் அந்தச் சந்தியில் பித்தளை உள்ளே தடித்து ஒரு வளையமாகத் திரண்டிருக்கும். அது சன்னத்தை இறுக்கிப் பிடித்தால் ரவைக்கு ரவை வேகம் மாறும்.

சன்னத்தின் வகையும் பெரிய விடயம். மட்ச்கிங்கின் மூக்கு வளைவு சன்னத்தின் உடலோடு வழுக்கிச் சேர்வதால், புரிமேட்டை எட்டும்போது தன்னைத் தானே நேர்ப்படுத்திக்கொள்ளும். ஆழம் கொஞ்சம் மாறினாலும் பொறுத்துக்கொள்ளும். வீ.எல்.டி வகையில் மூக்கு நீண்டு கூர்மையாகி, உடலோடு ஒரு கோணத்தில் வெட்டிச் சேர்கிறது. காற்றை அது நன்றாகக் கிழித்துச் செல்லும், ஆனால் புரிமேட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதில் பிடிவாதம் பிடிக்கும். அத்தானுக்குச் சென்ற ஆண்டு வராத தலைவலி இவ்வாண்டு வந்தது இதனால்தான். அந்தச் சன்னங்களைச் செய்யும் பேர்கர் நிறுவனமே, முதல் சோதனையை 10, 20 தௌ என்று நுணுக்கமாகத் தொடங்காமல், புரிமேட்டுக்குள் 10 தௌ, வெளியே 40, 80, 120 தௌ என்று அகலமான அடிகளில் எடுத்து, நல்ல பகுதி எது என்று கண்ட பின்பே அதற்குள் நுணுகச் சொல்லுகிறது. முழுச் செம்பால் ஆன சன்னங்களைச் செய்யும் பார்ன்ஸ் நிறுவனம், 50 தௌ பாய்ச்சலிலிருந்து தொடங்கும்படி சொல்லுகிறது. வெதர்பி றைபிள்களில் புரிமேடு வேண்டுமென்றே தொலைவில் வைக்கப்பட்டிருக்கிறது, அவையும் நன்றாகத்தான் சுடுகின்றன. ‘புரிமேட்டை ஒட்டினால்தான் துல்லியம்’ என்ற நம்பிக்கை எல்லா இடத்திலும் செல்லாது.

புரிமேட்டுக்குள் அமர்த்துவதை நான் அத்தானுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. ஒரு மழைக்காலப் போட்டியில் நான் 10 தௌ உள்ளே அமர்த்திய ரவைகளோடு போனேன். ரவை அறைக்குள் இருக்கும்போது சுடுதலை நிறுத்தும்படி கட்டளை வந்தது. பூட்டைப் பின்னுக்கு இழுத்தேன். கோது மட்டும் வெளியே வந்தது. சன்னம் குழலின் தொண்டையில் சிக்கிக்கொண்டு நின்றது. கோதிலிருந்த வெடிமருந்து பூட்டறை முழுவதும் கொட்டியது. கடுகைவிடச் சிறிய அந்த உருளைத் துணுக்குகள் ஒவ்வொரு சந்திலும் புகுந்துகொண்டன, அவற்றைத் துடைத்தெடுத்து, முன்பக்கத்திலிருந்து கோலால் மெல்லத் தட்டிச் சன்னத்தை வெளியேற்றுவதற்குள் என் முறை முடிந்துவிட்டது. வேறெவர் மீதும் பிழையில்லை, முழுவதும் என் தெரிவு. அன்றோடு அந்த வழியை விட்டேன்.

அழுத்தத்தைப் பற்றி மிகக் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதில் பலர் பாதியை மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். சன்னம் புரிமேட்டைத் தொட்டு நின்றால், அசையத் தொடங்கும் கணத்திலேயே புரிக்குள் அழுந்த வேண்டியிருப்பதால் அழுத்தம் உயரும். பாய்ச்சல் கொடுத்தால், வாயு சன்னத்தைச் சுற்றிச் சற்றுக் கசிந்து, சன்னமும் வேகம் பெற்ற பின் புரியைச் சந்திப்பதால் உச்ச அழுத்தம் இறங்கும். இதைக் கேட்டுவிட்டு, ஆழமாக இறக்க இறக்க அழுத்தம் குறைந்துகொண்டே போகும் என்று எண்ணக் கூடாது. இன்னும் ஆழமாக இறக்கினால் மருந்துக்கான இடம் சுருங்கி, அழுத்தம் மீண்டும் ஏறத் தொடங்கும். .308க்கு அமெரிக்க நியமத்தின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். அதற்கு அருகில் நின்றுகொண்டு ஆழத்தோடு விளையாட இடமில்லை. சன்னத்தையோ ஆழத்தையோ மாற்றும் ஒவ்வொரு தடவையும், அச்சிட்ட நிரப்பல் கைநூலின் தொடக்க அளவுக்கு மருந்தைக் குறைத்து, அங்கிருந்தே படிப்படியாக ஏற வேண்டும். அத்தான் சென்ற ஆண்டு 168 கிறெயினுக்குப் பயன்படுத்திய மருந்தளவை 185க்கு அப்படியே எடுத்திருக்கிறாரா என்று இன்றிரவே கேளுங்கள். எடுத்திருந்தால் அந்த நூறு ரவைகளையும் சுடாமல் பிரித்துவிடச் சொல்லுங்கள்.

தெரிவைப் பற்றி. மிகச் சிறிய பரவலைத் தந்த ஓர் ஆழத்தை நான் ஒருபோதும் தெரிவு செய்வதில்லை. அதன் இரு பக்கத்து ஆழங்களும் ஏறத்தாழ அதேபோல் சுடுகின்ற ஓர் அகலமான பகுதியைத் தேடுவேன். ஒரு புள்ளியில் மட்டும் அழகாகச் சுட்டு, 5 தௌ தள்ளினால் சிதறும் ரவை, குழல் சூடாகும் ஒரு பிற்பகலிலேயே கைவிட்டுவிடும்.

தெஹிவளைப் புள்ளியியல் ஆசிரியை எழுதியது:

எனக்குத் துப்பாக்கி பற்றி எதுவும் தெரியாது. ஆனால் கேள்வியிலுள்ள எண்களைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனெனில் இது நான் உயர்தர மாணவர்களுக்கு ஆண்டுதோறும் எடுத்துச் சொல்லும் அதே பிழை.

ஐந்து ஆழங்களும் உண்மையில் முற்றிலும் ஒன்றே என்று ஒரு கணம் வைத்துக்கொள்வோம். துளைகள் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் ஒரே அளவில் இயல்பான பரம்பலில் சிதறுகின்றன என்றும் கொள்வோம். மூன்று துளைகளின் மிகக்கூடிய தூரத்தை மட்டும் அளந்தால், அந்த அளவின் நியமவிலகல் அதன் சராசரியில் ஏறத்தாழ 37 சதவீதம். ஐந்து துளைகளென்றால் 27 சதவீதம், பத்தென்றால் ஏறத்தாழ 20 சதவீதம். ஒரே வகை ரவையையே மும்மூன்றாக ஐந்து தடவை சுட்டால், அவற்றுள் மிகச் சிறியது சராசரியில் 57 சதவீதத்தையும் மிகப் பெரியது 143 சதவீதத்தையும் அண்டி வரும் என்று எதிர்பார்க்கலாம். எந்தக் காரணமும் இல்லாமல், தற்செயலால் மட்டும், ஒன்று மற்றதைவிட இரண்டரை மடங்காகத் தெரியும்.

அத்தானின் தாளில் சராசரி 22 மில்லிமீற்றர். மிகச் சிறியது 14, அதாவது 64 சதவீதம். மிகப் பெரியது 31, அதாவது 141 சதவீதம். தற்செயல் மட்டும் தரக்கூடிய அளவுக்குள் முழுத் தாளும் அடங்கிவிடுகிறது. ஆழங்களுக்கிடையே வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தப் பதினைந்து ரவைகளால் அதைக் காண முடியாது என்றுதான் சொல்கிறேன். மறுவாரம் 40 மோசமாகி 60 நன்றானதும் புதிரல்ல, அப்படி மாறாமலிருந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

இரண்டு திருத்தங்கள் செய்யலாம். மிகக்கூடிய தூரம் என்பது இரு துளைகளை மட்டும் பார்த்து மற்றவற்றை வீணாக்கும் அளவு. அதற்குப் பதிலாக எல்லாத் துளைகளின் நடுப்புள்ளியைக் கண்டு, அதிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் உள்ள தூரத்தின் சராசரியை எடுங்கள். மற்றது சுடும் ஒழுங்கு. 20 முழுவதும், பிறகு 40 முழுவதும் என்று சுட்டால், குழலின் சூடும் காற்றும் சுடுபவரின் களைப்பும் கடைசி ஆழங்களின் தலையில் விழும். ஐந்து இலக்குத் தாள்களை வைத்து, ஒவ்வோர் ஆழத்திலும் ஒன்று என்று சுற்றிச் சுற்றிச் சுடச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை நுண்ணளவி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூத்தவர் ஐயா சொன்னபடி அன்றிரவே கேட்டேன். மருந்தளவைப் பழையதிலிருந்து எடுக்கவில்லை, 185 கிறெயினுக்குக் கைநூலில் உள்ள தொடக்க அளவிலிருந்தே ஏறியிருக்கிறார், மேலெல்லைக்கு நன்றாகக் கீழேயே நிற்கிறார். அதைக் கேட்ட பின்புதான் எனக்கு நித்திரை வந்தது.

கடைசலாளர் அண்ணன் சொன்ன முறையில் புரிமேட்டை மீண்டும் அளந்தோம். அத்தான் ரொறன்ரோவில் காலைத் தேநீரோடு அளக்க, நான் இங்கே மாலையில் ரயில் சத்தத்துக்கிடையே எண்களைக் குறித்துக்கொண்டேன். முதல் மூன்று அளவுகள் 6 தௌ வரை வேறுபட்டன. கோலை மூன்று விரலால் பிடித்துத் தள்ளுவதை நிறுத்தி, ஒற்றை விரல் நுனியால் தொடச் சொன்ன பின் எட்டு அளவுகள் ஒரு தௌக்குள் ஒன்றாக வந்தன. அவர் இதுவரை புரிமேடு என்று நினைத்திருந்த இடம் 5 தௌ தள்ளி இருந்தது. ஆக முதல் தாளில் 40 என்று எழுதியது உண்மையில் 35, அதுவும் முனையிலிருந்து அளந்த ரவைகள் என்பதால் ஒவ்வொன்றும் வேறு வேறு.

பிறகு கொம்பரேற்றரால் அளந்து, ஆழத்துக்கு இருபது வீதம் நூறு ரவைகள் புதிதாக நிரப்பினார். சன்னத்தை இறக்கும் டையில் மைக்றோமீற்றர் தலை இருந்தாலும், அதன் எண்ணை நம்பாமல் ஒவ்வொரு ரவையையும் அளந்து, 2 தௌக்கு மேல் விலகியவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்கினார். இரண்டு காலைகளில், ஆசிரியை அவர்கள் சொன்ன சுற்று ஒழுங்கில் சுட்டார். நடுப்புள்ளியிலிருந்து சராசரித் தூரம் இவ்வாறு வந்தது: 20 தௌவில் 12.6 மில்லிமீற்றர், 40இல் 11.1, 60இல் 10.7, 80இல் 10.9, 100இல் 13.1. இதை வைத்து 60 என்று சொல்லலாமா?

தெஹிவளைப் புள்ளியியல் ஆசிரியை எழுதியது:

60 என்று சொல்ல முடியாது. இருபது துளைகளில் இந்தச் சராசரியின் நியமவழு ஏறத்தாழ 12 சதவீதம், அதாவது ஒவ்வோர் எண்ணுக்கும் இருபுறமும் 1.3 மில்லிமீற்றர். 40, 60, 80 மூன்றும் எனக்கு ஒரே எண். இரு ஓரங்களும் சற்று உயர்கின்றன என்பது ஒரு சாடை மட்டுமே, நிரூபணமல்ல. ஆனாலும் முதல் தாளைப் போலன்றி, ஓரங்களில் உயர்ந்து நடுவில் சமமாகும் இந்த வடிவத்துக்கு மூத்தவர் ஏற்கெனவே ஒரு காரணம் சொல்லியிருப்பதால், அதை முற்றாகத் தள்ளவும் மாட்டேன்.

பம்பலப்பிட்டி மூத்தவர் எழுதியது:

ஆசிரியை அவர்கள் சொன்ன ‘மூன்றும் ஒரே எண்’ என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். 40 முதல் 80 வரை சமதரை. அந்தச் சமதரையில் எங்கே நிற்பது என்பதைத் துளைகள் தீர்மானிக்க வேண்டியதில்லை, குழலின் தேய்மானம் தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு வெடிப்பிலும் சூடான வாயு தொண்டையை அரிக்கிறது, புரிமேடு முன்னோக்கி நகர்கிறது. ரவையின் நீளத்தை மாற்றாமலிருந்தால் பாய்ச்சல் தானாகவே கூடிக்கொண்டு போகும், ஒருபோதும் குறையாது. ஆகவே நடுவிலுள்ள 60ஐ எடுப்பதைவிடக் கிட்டிய ஓரத்திலிருந்து சற்று உள்ளே, 48 அல்லது 50 தௌவில் நிற்பது நல்லது. அப்படிச் செய்தால் குழல் 30 தௌ தேயும்வரை ரவை சமதரைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கும். டையைத் தொட வேண்டிய தேவையும், ஒவ்வொரு மாதமும் புரிமேட்டைத் துரத்த வேண்டிய தேவையும் இராது. 20க்கு அருகில் போகாததால் அழுத்தமும் திடீரென ஏறாது.

இது 100 மீற்றரில் கண்டது. தூரத்தில் வேகத்தின் ஏற்றத்தாழ்வு நிலைக்குத்துச் சிதறலாகத் தெரியும். அதை ஆழத்தை மாற்றிச் சரிசெய்ய முயலாமல், மருந்தை நிறுப்பதிலும் கழுத்தின் இறுக்கத்திலும் முதலில் தேடச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை நுண்ணளவி எழுதியது:

அத்தான் 50 தௌவில் ஐம்பது ரவைகளை நிரப்பி முடித்துவிட்டார், ஐம்பதும் 2 தௌக்குள் நிற்கின்றன. பழைய நூறில் மிஞ்சிய தொண்ணூற்றேழை, சன்னத்தைப் பிடுங்கும் கருவியால் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கிறார். அடையாளம் கீறிய சன்னம், அக்காவின் பழைய குங்குமச் சிமிழ் ஒன்றுக்குள் பஞ்சு சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் இருநூறு ரவைக்குப் பிறகும் அதே சன்னத்தால் புரிமேட்டை அளந்து எண்ணை எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கென ஒரு பதிவேட்டை இன்று திறந்து, முதல் வரியில் திகதியையும், தொடக்க அளவையும், அளக்கும்போது அறையிலிருந்த வெப்பநிலையையும் எழுதியிருக்கிறேன்.